ஈயத் தகட்டைச் சுருட்டிய மனிதர்: காஸ்தோன் பிளான்தேயும் எங்கள் வீட்டு பற்றரியும்

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற்போன தொண்ணூறுகளை அறிந்தவர்களுக்கு பற்றரியின் பெறுமதியை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. டோர்ச் லைற்றுக்குப் போடுகிற சின்ன பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலம் அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டோம். ஊரில் யாரிடமாவது பழைய லொறி பற்றரி ஒன்று உயிரோடு இருந்தால் அந்த வீட்டுக்குத் தனி மரியாதை. ஜெனரேற்றர் வைத்திருப்பவரிடம் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுபோய், சார்ஜ் பண்ணி, அமிலம் சிந்திவிடாமல் மெதுவாக உருட்டிக்கொண்டு வருவார்கள். சாரத்தில் விழுந்த துளி அடுத்த தோய்ப்பில் ஓட்டையாகத் தெரியும்.

அந்தக் கறுப்புப் பெட்டியை முதலில் செய்தவர் யார் என்று அப்போது நாங்கள் கேட்டதில்லை. அவர் பெயர் காஸ்தோன் பிளான்தே. பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கில், பிரினீஸ் மலையடிவாரத்துக்கு அருகிலுள்ள ஒர்தேஸ் என்ற சிறு நகரில் 1834 ஏப்ரல் 22 ஆம் திகதி பிறந்தவர். அவருடைய தம்பி பிரான்சிஸ் பிளான்தே புகழ்பெற்ற பியானோ கலைஞர். வாழ்ந்த காலத்தில் அண்ணனைவிடத் தம்பியின் பெயரே சனங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

1854 இல், இருபது வயதில், பாரிஸ் நகரில் கலைகள் மற்றும் கைத்தொழில்களுக்கான தேசிய நிலையத்தில் பௌதிகவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் உதவியது எட்மொன் பெக்கரெல் என்ற பேராசிரியருக்கு. சூரிய ஒளி பட்டால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1839 இல், தன் பத்தொன்பதாவது வயதில், கண்டு சொன்னவர் இந்தப் பெக்கரெல்தான். இன்று வன்னியில் மீள்குடியேறிய வீடொன்றின் கூரையில் சோலார் தகடும் கட்டிலுக்கடியில் பற்றரியும் இருந்தால், மேலே இருப்பது ஆசானின் வேலை, கீழே இருப்பது உதவியாளரின் வேலை.

அடுத்த ஆண்டு நடந்தது பற்றரியோடு சம்பந்தமில்லாத விஷயம். 1855 இல் பாரிசுக்கு அருகிலுள்ள மெடோன் பகுதியின் களிமண் படிவுகளில் பிளான்தே ஒரு பெரிய கால் எலும்பைக் கண்டெடுத்தார். அது பறக்க முடியாத, ஆள் உயரத்தையும் தாண்டிய, அழிந்துபோன பறவையொன்றின் எலும்பு. புவியியலாளர் எபேர் அந்தப் பறவை இனத்துக்குக் காஸ்தோனின் பெயரையே வைத்து காஸ்தோர்னிஸ் என்றார். இருபத்தொரு வயதில் ஒருவருக்கு இது போதுமான புகழ். அவர் எலும்புகளோடு நின்றிருந்தால் எங்கள் லொறிகள் வேறு எதைக் கொண்டு ஸ்டார்ட் ஆகியிருக்குமோ!

அவரைப் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. அந்தக் காலத்து மின்கலங்கள் எல்லாம் ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். உள்ளே நாகத் தகடு கரைந்துபோகும், புதிதாகப் போட வேண்டும். ஆனால் அமிலத்தில் நிற்கும் இரண்டு உலோகத் தகடுகளுக்கூடாக மின்சாரத்தை அனுப்பி நிறுத்தினால், சிறிது நேரத்துக்கு அவை எதிர்த்திசையில் மின்சாரத்தைத் திருப்பித் தருவதை முன்னையவர்கள் கவனித்திருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பரிசோதனையைக் குழப்பும் தொல்லை. பிளான்தே அந்தத் தொல்லையையே ஆராய்ந்தார். செம்பு, வெள்ளி, வெள்ளீயம், தங்கம், பிளாற்றினம் என்று ஒவ்வொரு உலோகமாக ஐதான சல்பூரிக்கமிலத்தில் வைத்துப் பார்த்தார். வென்றது இவற்றுக்குள் மலிவான, கையால் வளைக்கக்கூடிய ஈயம்.

1859 இல் அவர் செய்தது இதுதான். இரண்டு நீளமான ஈயத் தகடுகளை எடுத்து, ஒன்றையொன்று தொடாதபடி இடையில் இறப்பர்ப் பட்டிகளை வைத்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டினார். அந்தச் சுருளை ஏறத்தாழ பத்து வீத அமிலமுள்ள கண்ணாடிச் சாடிக்குள் இறக்கினார். 1860 இல் இப்படியான ஒன்பது கலங்களைப் பெட்டியொன்றில் அடுக்கி, பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்தார். மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பாவிக்கக்கூடிய முதல் பற்றரி அது. அடிப்படை இரசாயனம் இன்றுவரை மாறவில்லை.

அந்த இரசாயனத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் உங்கள் மோட்டார் சைக்கிள் பற்றரி ஏன் சாகிறது என்பதற்கான விடை அதற்குள் இருக்கிறது. முழுச் சார்ஜில் நேர்த் தகட்டில் கபில நிறமான ஈயவீரொட்சைட்டும் மறைத் தகட்டில் பஞ்சுபோன்ற ஈயமும் இருக்கும். மின்சாரத்தை எடுக்க எடுக்க இரண்டிலும் ஈயச் சல்பேற்று படியும், அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகும். சார்ஜ் பண்ணும்போது எல்லாம் திரும்பும். உடனே சார்ஜ் பண்ணினால் அந்தச் சல்பேற்று மெல்லிய தூளாக இருப்பதால் இலகுவாகக் கரையும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான பளிங்காக இறுகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிள்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றபோது நடந்தது இதுதான். பெற்றோல் வந்தது, பற்றரி போய்விட்டிருந்தது.

பிளான்தேக்கு இந்தப் பிரச்சினை தலைகீழாக இருந்தது. புதிய ஈயத் தகட்டில் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் படை மிக மெல்லியது. அதைத் தடிப்பாக்க அவர் சார்ஜ் பண்ணினார், இறக்கினார், திசையை மாற்றிச் சார்ஜ் பண்ணினார், பல நாட்கள் ஓய்வாக விட்டார், மறுபடி தொடங்கினார். ஒரு கலம் பதப்பட மாதங்கள் எடுத்தன. இதில் இன்னொரு வேடிக்கை, அவரிடம் சார்ஜர் என்று ஒன்று கிடையாது. டைனமோ இன்னும் ஆய்வுகூடப் பொருளாகவே இருந்தது. நைத்திரிக்கமிலப் புகை விடும் புன்சன் கலங்களைக் கொண்டுதான் தன் கலங்களை மின்னேற்றினார். ஒரு பற்றரிக்குச் சார்ஜ் ஏற்ற இன்னொரு பற்றரியைத் தீர்ப்பது! பயன் என்ன என்று கேட்டவர்கள் இருந்திருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தக் கண்டுபிடிப்பு பெரிய சந்தை எதையும் காணவில்லை. இடையில் 1870–71 போரில் பாரிஸ் நகரமே முற்றுகைக்குள்ளாகி, சனம் குதிரை இறைச்சியும் எலியும் தின்றது. முற்றுகை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பிளான்தே தன் வேலையை விடவில்லை. மெழுகுதிரி கொளுத்த, பிளாற்றினம் கம்பியைச் சூடாக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்து அதற்குச் சனிக்கோளின் பெயரை வைத்தார், பழைய இரசவாதிகளுக்கு ஈயம் சனியின் உலோகம் என்பதால். வைத்தியர்கள் காயத்தைச் சுட்டு இரத்தத்தை நிறுத்தவும் அவருடைய கலங்கள் உதவின. 800 கலங்களை வரிசையாக இணைத்து ஆயிரத்து ஐந்நூறு வோல்ற்றுக்கு மேல் உண்டாக்கி, மின்னல் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தார். இவற்றையெல்லாம் 1879 இல் மின்சார ஆராய்ச்சிகள் பற்றிய நூலாக வெளியிட்டார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கிராம் என்பவரின் டைனமோ வந்ததும் மலிவாக மின்னேற்ற வழி பிறந்தது. 1881 இல் கமீய் போர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், ஈய ஒட்சைட்டைக் குழைத்துத் தகட்டில் பூசினால் மாதக்கணக்கான பதப்படுத்தல் தேவையில்லை என்று காட்டினார். இன்று கடையில் வாங்கும் வாகன பற்றரி அந்தப் பூச்சு முறையின் பிள்ளை. அதே ஆண்டு குஸ்தாவ் துரூவே என்பவர் பிளான்தேயின் கலங்களை முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றி பாரிஸ் தெருவில் ஓட்டினார். பற்றரி வாகனத்தில் ஏறிய தொடக்க நாட்கள் அவை. லாபமும் கம்பனிகளும் பெரும்பாலும் பிறருடையவை ஆகின. பிளான்தே ஆய்வுகூடத்திலேயே இருந்தார்.

1889 மே 21 ஆம் திகதி, பாரிசுக்கு வெளியே பெல்வூ என்ற இடத்தில் காலமானார். வயது 55. அந்த மாதம்தான் ஈபிள் கோபுரத்தோடு உலகக் கண்காட்சி திறக்கப்பட்டிருந்தது. கோபுரத்தில் 72 பிரெஞ்சு அறிஞர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசான் பெக்கரெலின் தந்தை பெயர் அங்கே இருக்கிறது, பிளான்தே பெயர் இல்லை.

அவர் பெயர் எஞ்சியது தொலைபேசி நிலையங்களில். போரின் பூச்சுத் தகடு மலிவானது, ஆனால் பூச்சு உதிரும். தூய ஈயத்தாலான பிளான்தே தகடு பாரமானது, விலை கூடியது, ஆனால் இருபது வருடங்களுக்கு மேலும் உழைக்கும். அதனால் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தொலைபேசி நிலையங்களிலும் மின்நிலையங்களிலும் அந்த வகைக் கலங்கள் வரிசையாக நின்றன. அவற்றை யாரும் தினமும் இறக்கி ஏற்றவில்லை. சார்ஜரும் பற்றரியும் ஒரே இணைப்பில் இருக்கும். வேலைச் சுமையைச் சார்ஜர் தாங்கும், பற்றரி நிரம்பிய நிலையில் அதன்மேல் மிதந்துகொண்டிருக்கும். மின்சாரம் நின்றால் அந்தக் கணமே பற்றரி பொறுப்பேற்கும். புளோட் என்ற பெயர் அந்த மிதப்பிலிருந்து வந்தது. 24 கலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2.25 வோல்ற், மொத்தம் 54.

எங்கள் வாசலில் நிற்கும் 12 வோல்ற் பற்றரியில் ஆறு கலங்கள். அதே கணக்குத்தான், 13.5 வோல்ற். புளோட் சார்ஜர் முதலில் 14.4 வரை ஏற்றி நிரப்பும், பிறகு தானாக 13.5 முதல் 13.8 க்குள் இறங்கி நிற்கும். பற்றரி தானாக இழப்பதை மட்டும் திருப்பிக் கொடுக்கும். வெக்கை கூடக் கூட அந்த இழப்பு வேகமாகும், 10 பாகை கூடினால் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் வெக்கையில் சார்ஜரின் வோல்ற்றைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். 25 பாகைக்கு 13.5 என்றால் 35 பாகைக்கு அதிலும் 0.2 குறைவாக.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண சார்ஜர் இதைச் செய்யாது. அது நிறுத்தத் தெரியாமல் ஒரே அளவு மின்சாரத்தை ஊற்றிக்கொண்டிருக்கும். 5 அம்பியர்-மணி மோட்டார் சைக்கிள் பற்றரியை இரண்டு வாரம் அதில் விட்டால் தண்ணீர் வற்றித் தகடு வெளியே தெரியும். லொறிச் சார்ஜரை மோட்டார் சைக்கிளுக்குக் கொடுப்பது அதைவிட மோசம். பற்றரியின் அம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாமலிருப்பது நல்லது. லொறியில் இரண்டு பற்றரிகள் வரிசையாக இருந்தால் 24 வோல்ற் சார்ஜர், மிதப்பு 27 வோல்ற். அதில் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலந்தால் புதியதும் பழையதோடு சேர்ந்து போகும்.

குறையும் தண்ணீருக்குப் பதிலாக அமிலம் ஊற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். வற்றுவது தண்ணீர் மட்டும், அமிலம் உள்ளேயே இருக்கிறது. அதற்காகக் கிணற்றுத் தண்ணீரையும் விடக் கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தவர்களுக்கு, அது தகட்டில் என்ன செய்யும் என்று விளங்கும். காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீர் மட்டும். சார்ஜாகும்போது ஐதரசன் வாயு கிளம்பும், ஆதலால் காற்றோட்டமான இடம், முதலில் கிளிப், பிறகு சுவிட்ச். செத்த பற்றரியை முற்றத்தில் உடைத்து ஈயம் உருக்குவது பிள்ளைகளின் மூளைக்குள் நஞ்சை ஏற்றுவதாகும். எடைக்கு எடுப்பவரிடம் உடைக்காமல் கொடுங்கள்.

லீசிங் கட்ட வேண்டிய ஓட்டோவோ உழவு இயந்திரமோ ஒரு காலை ஸ்டார்ட் ஆகாமல் நின்றால் அன்றைய உழைப்பு போனதுதான். மல்ற்றிமீற்றர் ஒன்று வாங்கி, வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் அளந்து பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் அன்றே சார்ஜரில் போட வேண்டும். 12 க்குக் கீழே போயிருந்தால் சல்பேற்று இறுகத் தொடங்கிவிட்டது.