சில்லாலை வீடுகளில் ஒரு புனிதர்



திருநெல்வேலி என்றவுடன் உங்களுள் பலருக்குத் தாமிரபரணிக் கரையே நினைவில் எழும். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. நல்லூருக்கு அண்மையில், செம்மண் தோட்டங்களும் பெயர்பெற்ற சந்தையும் கொண்ட ஊர் அது. 1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அங்கேதான் அமைந்துள்ளது. சைவப் பெருமக்கள் நிறைந்து வாழும் இத்தகைய ஊர்களில் கத்தோலிக்கக் குடும்பங்கள் சிலவே. சிறிய கோவில் ஒன்று இருக்கும். குருவானவர் வேறு கோவில்களையும் கவனித்துக்கொண்டு, குறித்த நேரத்தில் வந்து திருப்பலி நிறைவேற்றிச் செல்வார். எனினும் மாலைச் செபமாலை தவறுவதில்லை. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் மற்ற வீடுகளின் அடுப்பிலிருந்து அங்கே உணவு போகிறது. குருவானவர் இல்லாத நாள்களிலும் ஊர்க் கோவில் ஒரு குடும்பமாகவே நிற்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண நாம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும். இலங்கைத் திருச்சபையின் முதல் புனிதரான யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வில், அவர் யாழ்ப்பாணத்தில் கழித்த சில ஆண்டுகளைச் சற்று நின்று நோக்கவேண்டும்.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். நல்லூர் உள்ளிட்ட ஊர்களில் இருந்த கோவில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. குருவுக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் ஆணையும் பிறந்தது. சட்டம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. திருமணமும் திருமுழுக்கும் ஆட்சியாளரின் சபையில் நிகழ்ந்து பதிவு பெற்றால் மட்டுமே செல்லும். பதிவில்லாத பிள்ளைக்குத் தந்தையின் காணியில் உரிமை இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோர் தண்டப் பணம் கட்டவேண்டும்.

ஒரு தந்தையின் நிலையிலிருந்து இதனை எண்ணிப் பாருங்கள். பிள்ளையை அங்கே கொண்டுசென்று பெயர் பதியவில்லையென்றால், பாட்டன் தோண்டிய கிணறும் பனங்காணியும் அவன் கைக்கு வரா. பதிந்துவிட்டாலோ, மாலையில் வீட்டில் தாய் கற்றுக்கொடுக்கும் செபத்தைப் பகலில் பள்ளியில் மறைக்க அந்தப் பிள்ளை பழகவேண்டும். பலர் பகலில் பதிவுக்கு நின்று, இரவில் கதவடைத்துச் செபமாலை சொன்னார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இன்றி இருந்த மக்கள் அவர்கள். குருவைக் கண்ணால் கண்டறியாத பிள்ளைகள் வளர்ந்து, தாமே பெற்றோராகிவிட்ட காலம் அது.

இந்தச் செய்தி கோவாவில் இருந்த ஓர் இளம் குருவின் செவிக்கு எட்டியது. யோசேவாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவின் பெனோலிம் ஊரில், தம் தாயின் பிறந்த ஊரில் பிறந்தவர். தந்தை கிறிஸ்தோவாவோ வாஸ் சங்கோலே ஊரினர். தாய் மரிய தெ மிராண்டா. பிள்ளைகள் அறுவருள் இவர் மூன்றாமவர். 1676இல் குருவானார். அடுத்த ஆண்டு, தம்மை மரியன்னைக்கு அடிமையாக எழுதிக்கொடுத்துக் கையொப்பமிட்டார். கன்னட நாட்டுக் கரையில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், 1686இல் யோவான் என்னும் இளைஞரைத் துணையாகக் கொண்டு இலங்கை நோக்கிப் புறப்பட்டார். குருவின் உடையில் சென்றால் கரையேற முடியாது. ஆதலால் கூலியாளைப் போல் உடுத்து, வெறுங்காலுடன் நடந்தார். தூத்துக்குடியிலிருந்து கடலேறிய தோணியைக் காற்று மன்னாருக்கு ஒதுக்கியது. அங்கிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்தவர் நடக்க இயலாத நோயாளியாக இருந்தார். கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது, யோவானும் நோயுற்றார். தொற்றுக்கு அஞ்சி ஊரார் ஒதுக்கினர். அந்நாள்களில் ஏழைப் பெண் ஒருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததாக அடிகளாரின் வரலாறு கூறுகிறது. அவர் யார், எச்சமயத்தவர் என்னும் குறிப்பு இல்லை. இவர் குரு என்பதும் அவருக்குத் தெரிந்திராது. பசித்த இரண்டு பிச்சைக்காரரைக் கண்டார், கஞ்சி வார்த்தார். மறையுரைகளில் நாம் பெரிதும் கேட்பது கண்டியில் அடிகளாரின் செபத்துக்கு மழை பெய்த நிகழ்ச்சியை. எனக்கோ அந்தக் கஞ்சிச் சட்டி மழையைவிடச் சிறிதாகத் தோன்றவில்லை. இலங்கையில் அவருடைய பணி அதிலிருந்தே எழுந்து நடந்தது.

உடல் தேறியதும் அடுத்த இடர் வந்தது. கத்தோலிக்கர் யாவரும் மறைந்து வாழ்கின்றனர். அவர்களை எவ்வாறு கண்டுபிடிப்பது? வெளிப்படையாகக் கேட்டால் தம் தலையும் போகும், விடை சொன்னவரின் தலையும் போகும். அடிகளார் ஒரு செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். வாயில் பிச்சை, கண்ணோ எதிரே நிற்பவரின் முகத்தில். யாருடைய பார்வை அந்த மணிமாலையில் சற்றுத் தயங்கி நிற்கிறது என்று கவனித்தார். அவ்வாறு ஒரு வீடு அவரை இனங்கண்டது. அவ்வீட்டின் வழியாக மற்ற வீடுகள் திறந்தன. பட்டினத்தில் ஒல்லாந்தரின் கண் எங்கும் இருந்தமையால், அவரைச் சில்லாலைக்கு அனுப்பிவைப்பதென்று முடிவாயிற்று.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகப் பண்டத்தரிப்புப் பக்கம் சென்றால் சில்லாலையை அடையலாம். கதிரை மாதாவின் திருத்தலம் அமைந்த ஊர். சின்ன உரோமாபுரி என்ற பட்டப்பெயர் அதற்கு இன்றும் உண்டு. அது எளிதாகக் கிடைத்த பெயரன்று. அடிகளார் அங்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். ஒருவர் காட்டிக்கொடுத்திருந்தால் போதும். ஊர் முழுவதும் வாய் மூடி நின்றது. பகல் மறைவிலும் வழிபாடு இரவிலும் கழிந்தன. இருள் சூழ்ந்தபின் ஏதேனும் ஒரு வீட்டில் திருப்பலி. விடியுமுன் அங்கு எதுவும் நடந்ததற்கான அடையாளம் இருத்தலாகாது. இரவோடிரவாக அயலூர்களுக்கும் நடந்து சென்று நோயாளிகளைச் சந்தித்தார், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார், நெடுங்காலம் காத்திருந்தோரின் பாவசங்கீர்த்தனம் கேட்டார், திருமணங்களை ஆசீர்வதித்தார். தமிழைக் கற்றுக்கொண்டு அம்மொழியிலேயே செபிக்கவும் கற்பிக்கவும் செய்தார்.

குருவை மறைத்தால் மரண தண்டனை என்பதை அந்தத் தாய்மார் அறியாதவர்கள் அல்லர். வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கின்றனர். பிள்ளையின் வாயைப் பூட்ட முடியுமா? இருந்தும் பாய் விரித்தார்கள், சோறு கொடுத்தார்கள், தெருவில் காவல் நின்றார்கள். அடிகளார் அவர்களுக்கு நற்கருணையைக் கொண்டுவந்தார். அவர்கள் தந்த கூரையும் உணவும் இன்றி அவரால் ஒரு கிழமையும் தாக்குப்பிடித்திருக்க முடியாது.

ஒல்லாந்தர் விரைவில் மோப்பம் பிடித்தனர். அப்போது மேலதிகாரியாக இருந்தவர் வான் ரீட் என்பவர். மலையாள நாட்டின் செடிகொடிகளைப் பன்னிரண்டு பெருந்தொகுதிகளில் தொகுப்பித்துப் புகழ் பெற்றவரும் இவரே. இலைகளின் நரம்பைக்கூடப் பொறுமையோடு நோக்கிய மனிதருக்கு மனிதரின் மனச்சான்றை நோக்கப் பொறுமை இல்லாமற் போயிற்று. ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில், யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காகக் கத்தோலிக்கர் கூடியிருந்த வீட்டைப் படைவீரர் வளைத்தனர். குருவானவர் அகப்படவில்லை, வீட்டார் அகப்பட்டனர். பலர் சிறைப்பட்டனர். முன்னின்ற சிலர் கொடிய அடிகளுக்கும் கடுஞ்சிறைக்கும் ஆளாயினர். அவர்களுள் தொன் பேதுரு என்பவர், சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கரானவர், அடிகளைத் தாங்காது உயிர்நீத்தார். ஏனையோரும் சிறைத் துன்பத்திலேயே மடிந்தனர்.

அடிகளாருக்கு இது எத்தகைய வேதனை! தம்மைத் தேடி வந்த கை தமக்குச் சோறிட்டவர்களின் மேல் விழுந்தது. இனியும் அங்கே தங்கினால் சில்லாலையும் எரியும். அவர் புறப்பட்டுச் சென்றார். உயிருக்கு அஞ்சி ஓடினார் என்று எவரேனும் சொல்வாராயின், அடுத்து அவர் சென்ற இடத்தைப் பார்க்கட்டும். புத்தளத்தில் சில காலம் பணியாற்றியபின், 1692இல் கண்டி அரசுக்குள் நுழைந்தார். ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு விலங்கிடப்பட்டார். யோவானும் உடன் சிறையிருந்தார். பின்னர் அரசன் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்று உரிமையோடு பணியாற்றினார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, பெற்ற பிள்ளைகளைக்கூட விட்டு மக்கள் ஓடினர். அடிகளார், கோவாவிலிருந்து வந்த உறவினரான இளங்குரு கர்வாலோவுடன், கைவிடப்பட்டோரின் புண்ணைக் கழுவி உணவூட்டினார். யாழ்ப்பாணத்தில் நோயாளியாகக் கிடந்து கஞ்சி வாங்கிக் குடித்தவர் அவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தை விட்டு அவர் நீங்கியதும் அங்கே திருச்சபை அழிந்துபோகவில்லை. இதற்குக் காரணம், அவர் கையாண்ட முறை. ஒவ்வோர் ஊரிலும் குடும்பத் தலைவர்களிலிருந்தே மூப்பர், அண்ணாவியார் எனப் பொறுப்பாளரை ஏற்படுத்துவது அவரது வழக்கம். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பது, சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பது, இறப்போரின் அருகில் இருந்து செபிப்பது, குருவானவர் வரும்போது யார் வீட்டில் என்ன தேவை என்று அறிவிப்பது யாவும் இவர்கள் கடமை. சம்பளம் கிடையாது. தோட்ட வேலையும் வீட்டுப் பொறுப்பும் முடிந்தபின் செய்த பணி. இன்று நம் ஊர்க் கோவில்களில் மூப்பர் என்று ஒருவரைக் காணும்போது, கொடியேற்றத்தன்று முன்னால் நிற்பவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருண்ட வீடுகளும் காவல் நின்ற இரவுகளும் உள்ளன.

ஆயர் நிலைக்கு உயர்த்த முன்வந்தபோதும் அடிகளார் ஏற்க மறுத்துவிட்டார். 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அப்போது இலங்கையில் ஏறத்தாழ 70,000 கத்தோலிக்கரும், 15 கோவில்களும், 400 சிற்றாலயங்களும், பத்துக் குருக்களும் இருந்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். பத்துக் குருக்களுக்கு 400 சிற்றாலயங்கள்! கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு குருவுக்கு நாற்பது. ஆண்டில் பெரும்பாலான ஞாயிறுகளில் அவற்றின் கதவைத் திறந்து விளக்கேற்றியவர்கள் குடும்பத்தவரே.

1995 சனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை அருளாளராக உயர்த்தினார். 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தார். காலையில் கொழும்பில் அத்திருச்சடங்கை நிறைவேற்றிய திருத்தந்தை, பிற்பகல் வானூர்தியில் வடக்கே மடுவுக்குச் சென்றார். போரில் பிள்ளைகளையும் பெற்றோரையும் இழந்த குடும்பங்கள் தமிழரும் சிங்களவருமாக அங்கே கூடியிருந்தன. அவர்கள் நடுவே அவர் வணங்கி நின்ற மாதாவின் சுரூபம், ஒல்லாந்தருக்கு அஞ்சி 1670 அளவில் மாந்தையிலிருந்து புறப்பட்ட இருபது குடும்பங்கள், உடன்வரக் குரு ஒருவரும் இன்றி, காட்டு வழியே சுமந்து சென்ற சுரூபமாகும்.