நூலகத்திற்குச் சட்டவேலி அமைத்த அரங்கநாதனார்

பள்ளிக்கூடம் கல்வியின் வாயிலைத் திறந்து வைக்கிறது. திறந்த அவ்வாயில் மீண்டும் அடைபடாமல் வாழ்நாள் முழுவதும் காப்பது நூலகமே ஆகும். வீட்டில் நூலடுக்கு உடையவர்களுக்கு ஊர் நூலகம் ஒரு கூடுதல் வசதி. தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட நம் மக்களுக்கோ அதுவே முதல் நூலடுக்கு. ஆதலின், நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளிவிழா மலரில், இந்திய நூலக இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பெறும் சீர்காழி இராமாமிருத அரங்கநாதனாரின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமெனக் கருதுகிறோம்.

1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்த அரங்கநாதனார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூரிலும் கோவையிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராகப் பணியாற்றினார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்ந்தார். மாணவர் கூட்டத்தில் மகிழ்ந்திருந்தவருக்கு ஆளரவமற்ற நூலகம் பெருஞ்சலிப்பைத் தந்தது; மீண்டும் வகுப்பறைக்கே திரும்பிவிட விரும்பினார். அவ்வாண்டே நூலகப் பயிற்சிக்காக இலண்டன் சென்ற பின்னரே அவர் மனம் மாறிற்று. எல்லாத் தரப்பு மக்களும் தடையின்றிப் புகுந்து படிக்கும் நூலகங்களை அங்கே கண்டார். நம் நாட்டிலும் அந்நிலை வரவேண்டுமென்ற உறுதியோடு 1925இல் தாயகம் திரும்பினார்.

பூட்டிய அலமாரிகளைத் திறந்து, படிப்போர் தாமே நூலைத் தேடி எடுக்கும் முறையைப் பல்கலைக்கழக நூலகத்தில் கொணர்ந்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்து நூலாக்கினார். அவற்றுள் இரண்டாம் விதியே நம் நெஞ்சைத் தொடுவது. செல்வர், வறியர், ஆண், பெண், நகரத்தார், நாட்டுப்புறத்தார் என்ற வேற்றுமையின்றி ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் சிற்றூர்தோறும் நூல்களைக் கொண்டுசென்ற மாட்டுவண்டி நூலகத்தையும் அவர் தொடங்கிவைத்தார். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை உலக அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது.

இவை யாவற்றினும் மேலாக நாம் போற்றுவது அவருடைய தொலைநோக்கையே. ஆள்வோரின் தயவில் பிறக்கும் நூலகம், அத்தயவு நீங்கிய அன்றே மடியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே நூலகத்திற்குச் சட்டமும் தனி வருவாயும் வேண்டுமென 1930 முதலே வாதாடினார். இடையில் முயற்சிகள் கைகூடாதபோதும் தளர்ந்தாரல்லர். அவிநாசிலிங்கனார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருப்பெற்றது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுவேயாகும். மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு, சொத்துவரியோடு சேர்த்துத் தண்டப்பெறும் நூலகவரி, அவ்வரியை வைக்கும் தனி நிதி ஆகியவற்றை அச்சட்டம் வகுத்தது. இன்று அவ்வரி சொத்துவரி ரூபாய்க்கு 10 பைசா வீதம் தண்டப்படுகிறது. நூலகம் எவரோ இடும் பிச்சையன்று. மக்கள் வரியால் வாழும் மக்கள் உடைமை.

காசியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் நூலகக் கல்வியை வளர்த்த அப்பெரியார், தம் சேமிப்பான 1 இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைய வழங்கினார். 1972இல் மறைந்தார்.

நூலகம் ஒரு மனிதரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு நம் அண்ணல் அம்பேத்கரே சான்று. பரோடாவில் தங்குவதற்கு ஓர் அறை மறுக்கப்பட்ட அவருக்கு, நியூயார்க்கிலும் இலண்டனிலும் நூலகங்கள் இருக்கை தந்தன. சாதி கேளாத அவ்விருக்கையை நம் ஊரில் இழக்க ஒப்புவோமா?

இழக்கும் ஆபத்து கற்பனையன்று. 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தை, ஆட்சி மாறியபின் 2011 நவம்பரில் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அரசு முடிவெடுத்தது. மருத்துவமனை தேவையே, அதற்காக நூலகத்தை அகற்றுவானேன் எனக் கேட்ட பொதுமக்கள் உயர்நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைத்தது. சட்டம் வேலியே, வேலிக்குக் காவல் மக்களே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஓசையின்றியும் நூலகம் சாகக்கூடும். வசூலான நூலகவரி ஆணைக்குழுவிடம் சேராமல் நிலுவையாவதுண்டு. நூலகர் இடம் நிரப்பப்படாமல் கிடப்பதுண்டு. புதுநூல்கள் வாராது போவதுண்டு. அப்போது முதலில் நலிபவன், விசைத்தறி ஒலிக்கும் தெருவில் ஒற்றையறை வீட்டிலிருந்து தேர்வுக்குப் படிக்க இடந்தேடி வரும் நம் மாணவனே.

சங்கரன்கோவில் வட்டார இளைஞர்களே! நூலகத்தில் உறுப்பினராகுங்கள், வாசகர் வட்டத்தில் இடம்பெறுங்கள். நகராட்சி தண்டும் நூலகவரி நூலகத்தைச் சேர்கிறதா என ஆண்டுதோறும் எழுத்து மூலம் கேளுங்கள். எக்கட்சி ஆண்டாலும் இக்கேள்வி மாறலாகாது. அரங்கநாதனார் அமைத்த வேலியைக் காப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.