மருத்துவத் தமிழ் வளர்த்த கிரீன்

சூரமங்கலத்திலிருந்தும், ஓமலூர், தாரமங்கலம் முதலிய ஊர்களிலிருந்தும் கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் பள்ளியில் தமிழ்வழி பயின்றவர்கள். அறிவியல் வகுப்பில் முதன்முதலாக ஆங்கில நூலைக் கையில் எடுக்கும்போது அவர்கள் நெஞ்சில் ஓர் அச்சம் எழுவது இயல்பு. அவ்வச்சத்தோடு ஓர் ஐயமும் பிறக்கிறது. கதையும் கவிதையும் தமிழில் எழுதலாம். உடலையும் நோயையும் மருந்தையும் பற்றிய நுண்ணிய அறிவைத் தமிழில் எழுத இயலுமா என்பதே அவ்வையம்.

இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் தம் வாழ்நாளையே விடையாகத் தந்து சென்றார். அவர் தமிழரல்லர், தமிழ் வழங்கும் நாட்டிற் பிறந்தவருமல்லர். அவரே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

கிரீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஆஸ்வெல் கிரீன், பிற்காலத்தில் நியூயார்க் மாநகரை உருவாக்கியோருள் ஒருவராகப் புகழ் பெற்றவர். தம்பியும் நியூயார்க்கிலேயே மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அங்கேயே தொழில் நடத்தியிருந்தால் பொருளும் புகழும் வந்திருக்கும். அவரோ கிறித்தவ சமயப் பணியை விரும்பி, அமெரிக்க மிஷன் அனுப்பிய மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பல மாதங்கள் பாய்க்கப்பலில் வர வேண்டியிருந்தது.

அமெரிக்க மருத்துவர் அங்கு வருவது அதுவே முதன்முறையன்று. வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனார் ஜான் ஸ்கடர், பல்லாண்டுகளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் மருத்துவம் செய்தவர். ஆயின் கிரீனின் எண்ணம் நோய் தீர்ப்பதோடு நிற்கவில்லை. தாம் ஒருவரே எத்தனை ஊர்களுக்குச் செல்ல இயலும்? வாந்திபேதியும் அம்மையும் வந்தால் ஊரே நடுங்கிய நாட்கள் அவை. எனவே, மண்ணின் மைந்தரையே மருத்துவராக்க வேண்டும் எனத் துணிந்தார். 1848-இல் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பள்ளி தோன்றியது 1870-இல் என்பதை நினைத்தால், இச்சிற்றூர் வகுப்பின் பெருமை விளங்கும்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆனால் கிரீன் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி நகரங்களுக்குச் சென்றனர். யாருக்காக அவர்களைப் பயிற்றினாரோ, அந்தச் சிற்றூர் மக்கள் மருத்துவரின்றியே இருந்தனர். உடல் நலிவுற்றுத் தாயகம் சென்றிருந்த அவர், 1862-இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். அதன்பின் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கும் முறையை மேற்கொண்டார். மாணவர் தம் மக்கள் உடுத்தும் உடையையே உடுத்தி, அவர்களுள் ஒருவராகவே வாழ வேண்டும் என்றும் விரும்பினார்.

கற்பிக்க நூல்கள் வேண்டுமல்லவா? இல்லாதவற்றை ஆக்கினார். தமிழை முயன்று கற்ற அவர், தம் மாணவரையும் துணை கொண்டு, மேல்நாட்டு மருத்துவ நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கினார். மகப்பேறு பற்றிய நூல் முதல் தங்கலிலேயே, 1857-இல் வெளிவந்தது. அறுவை மருத்துவத்தை விளக்கும் 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872-இலும் வெளிவந்தன. வேதியியலைக் கூறும் 'கெமிஸ்தம்' 1875-இல் அச்சேறியது. இவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' என்பது கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம். அந்த ஆங்கில நூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! அவர் வழிவந்த மருத்துவத் தமிழ் நூல்களை ஒருங்கு வைத்தெண்ணினால் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும்.

கலைச்சொல் ஆக்கத்திலும் அவர் ஒரு நெறி வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவார். கிடைக்காவிடில் வடசொல்லை நாடுவார். அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக்கொள்வார். அங்காதிபாதம் இன்று உடற்கூறியல் ஆகிவிட்டது. சுகரணம் உடலியங்கியல் ஆகிவிட்டது. கெமிஸ்தம் வேதியியல் ஆகிவிட்டது. சொற்கள் மாறின என்பதற்காக அவர் முயற்சி சிறுத்துவிடாது. முதல் ஏர் ஓட்டியவனின் சால் கோணலாயிருக்கலாம். அதன் வழியேதான் பின்னேர்கள் போகின்றன.

அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் மருத்துவர்களை உருவாக்கிய பின், 1873-இல் கிரீன் தாயகம் திரும்பினார். உடல் தளர்ந்திருந்தது, உள்ளம் தளரவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். உடலியங்கியலை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே மாதத்தில் அவர் மறைந்தார். மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலொன்று அவர் மறைந்து நான்காண்டுகள் கழித்து வெளிவந்தது. தம் கல்லறையில், தாம் தமிழர்க்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதைப் பொறிக்க வேண்டுமென அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவர் காலத்திற்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. உத்தியோகமும் உயர்கல்வியும் ஆங்கிலத்தின் பக்கமே இருந்தன. நம் சேலத்தில் 1986-இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலும் பாடமொழி ஆங்கிலமே. மொழிப்பற்று மட்டும் ஒரு கல்விமுறையைக் காத்துவிடாது. அதில் பயின்றோர்க்கு வாழ்வும் இருத்தல் வேண்டும் என்பதே மானிப்பாய் நமக்குக் கற்பிக்கும் கசப்பான பாடம்.

ஆயினும் நம் ஐயத்திற்கு விடை கிடைத்துவிட்டது. தமிழால் இயலும் என்பதை நூல்களே காட்டிவிட்டன. இனி எஞ்சியிருப்பது நம்மால் இயலுமா என்ற வினாவே. ஆங்கிலத்தை வெறுக்க வேண்டா. அதை நன்கு கற்போம். ஆனால் வகுப்பில் கற்றதை, மாலையில் வீடு திரும்பித் தாயிடமும் தந்தையிடமும் தெளிந்த தமிழில் எடுத்துச் சொல்லிப் பார்ப்போம். அவர்கட்கு விளங்கும்படி சொல்ல வரவில்லையெனின், நாம் இன்னும் கற்கவில்லை என்பதே பொருள். கடல் கடந்து வந்தவர் நமக்காக நம் மொழியைக் கற்றார். அம்மொழியிலேயே பிறந்த நாம், அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு பக்கமேனும் எழுத வேண்டாமா?