உஷ்ணக் கணக்கர் ஹெஸ்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடுஞ் சாலைகளில், குரோமியம் ஏற்றுமுன் தோலை உப்பும் கந்தகாமிலமுங் கலந்த நீரில் ஊறவைப்பர். அமிலத்தை நீரிற் சிறிது சிறிதாக வார்த்து, ஆறவிட்ட பின்னரே தோலோடு சேர்ப்பர். மாறாக நீரை அமிலத்தில் வார்ப்பின், அது கொதித்தெழுந்து வார்த்தவன் முகத்திற் பாயும். ஆறாத கலவையோ தோலைக் கெடுக்கும். அடுப்பின்றிப் பிறக்கும் இவ்வுஷ்ணத்தை அளந்து, அதற்கொரு விதியுங் கண்டவர் ஜெர்மேன் ஹென்றி ஹெஸ். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹெஸ் 1802-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் ஓவியர் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தார். அவரது பிள்ளைப் பிராயத்திலேயே குடும்பம் ருஷ்யாவிற் குடியேறிற்று. டோர்ப்பாட் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1825-இற் பட்டம் பெற்றார். ஸ்டாக்ஹோமில் இரசாயன மேதையாகிய பெர்ஸீலியஸிடம் அவர் தங்கியது சில வாரமே. எனினும் அப்பழக்கம் அவருடைய பிற்கால ஆராய்ச்சியிலெல்லாம் புலப்படும். சைபீரியாவின் இர்க்குட்ஸ்க் நகரில் வைத்தியராயிருந்து, 1830-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். அங்கு ருஷ்ய மொழியில் அவர் இயற்றிய இரசாயன நூல் நெடுங்காலம் பாடபுத்தகமாய் விளங்கிற்று. பிறந்த நாடு வேறாயினும் தம் மாணாக்கர் மொழியிலேயே நூல் செய்த அப்பண்பை நாம் மிகவும் மதிக்கின்றோம்.

இனி அவரது சோதனையைக் காண்போம். கந்தகாமிலத்தை வெவ்வேறளவு நீரிற் கலந்து, ஒவ்வொரு கலவையையும் அம்மோனியா நீரோடு சேர்த்து, எழுந்த உஷ்ணத்தை அளந்தார். முன்னரே மிகுந்த நீர் கலந்த அமிலம் குறைந்த உஷ்ணமே தந்தது. ஆயின், நீர் கலந்தபோது வெளிவந்த உஷ்ணத்தையுங் கூட்டிப் பார்க்கவே, எல்லாவற்றிலும் மொத்தம் ஒன்றாயிருந்தது! வினை ஒரே படியில் நிகழினும் பல படிகளில் நிகழினும், தொடக்கமும் முடிவும் மாறாவிடின் மொத்த உஷ்ணமும் மாறாது என 1840-இல் வெளியிட்டார். சக்தி அழியாது என்னும் விதியை மாயர் வெளியிட்டது 1842-இல்தான் என்பதை நினைக்க, நமக்கு வியப்பு மிகுகின்றது.

இவ்விதியின் பயன் பெரிது. கரியை எரித்துக் கார்பன் மோனாக்ஸைடை மட்டும் பெறுதல் அரிது, டையாக்ஸைடும் உடனுண்டாகும். ஆதலின் அவ்வுஷ்ணத்தை நேரே அளத்தற்கில்லை. ஒரு மோல் கரி முற்றும் எரியின் 393.5 கிலோஜூல் வெளிப்படும். ஒரு மோல் மோனாக்ஸைடு எரியின் 283. கழித்தால் 110.5 என விடை கிட்டும். மாறா அழுத்தத்தில் நிகழும் இவ்வுஷ்ண மாற்றத்தையே இன்று என்தால்பி மாற்றம் என்கின்றோம். அப்பெயரை ஹெஸ் அறியார்.

உடல் நலங்குன்றி, 1850-இல் தமது 48-ஆம் வயதில் அவர் காலஞ்சென்றார். வெள்ளியும் டெல்லூரியமுங் கூடிய ஹெஸ்ஸைட் என்னுங் கனிமம் அவர் பெயரைத் தாங்குகின்றது.