எழுதுகோல் ஏந்திய தலைவி மேரி மெக்கால்

திரைப்படம் தொடங்கும்போது திரையில் பல பெயர்கள் தோன்றி மறைகின்றன. நடிகர் பெயரை நாம் நினைவில் வைத்துக் கொள்கிறோம்; கதை எழுதியவர் பெயரையோ ஊன்றிப் படிப்பதுமில்லை. ஆனால், எழுதியவர் பெயர் உரிய இடத்தில் வரவேண்டும் என்பதற்காகத் தம் வாழ்வையே பணயம் வைத்த ஓர் அம்மையார் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவர்தாம் மேரி மெக்கால்.

இவர் 1904ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். வாசார் மகளிர் கல்லூரியில் பயின்று, சிறுகதைகளும் புதினமும் எழுதிப் புகழ் பெற்றார். அப்புதினம் 1932இல் திரைப்படமாயிற்று. அதன்வழி ஹாலிவுட் நகருக்குச் சென்ற இவர், ஷேக்ஸ்பியரின் நாடகமொன்றைப் படமாக்கியபோது அதன் திரைக்கதையை எழுதியவருள் ஒருவரானார். உழைத்துப் பிழைக்கும் மெய்சி என்னும் பெண்ணைப் பற்றிய படவரிசைக்கும் பல கதைகள் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஒரே கப்பலில் பணியாற்றி மாண்ட சல்லிவன் உடன்பிறப்புகள் ஐவரின் வரலாற்றுக்கும் இவரே திரைக்கதை வடித்தார். அப்படம் 1944இல் வெளிவந்தது.

அக்காலத்தில் எழுத்தாளர் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. கதையை எழுதியவர் ஒருவர். திரையில் பெயர் பெறுபவர் வேறொருவர். யார் பெயரைப் போடுவது என்பதைப் பட முதலாளிகளே முடிவு செய்தனர். குறைந்தபட்ச ஊதியமும் கிடையாது. இக்கொடுமையை எதிர்த்து 1933இல் எழுத்தாளர்கள் சங்கம் அமைத்தனர். முதலாளிகள் அதனை ஏற்க மறுத்தனர். போட்டிச் சங்கம் ஒன்றையும் ஆதரித்தனர். எனினும் சங்கம் மாளவில்லை.

1942இல் மேரி அச்சங்கத்தின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் பெண்மணி இவரே. அவ்வாண்டிலேயே முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வாரத்திற்கு 125 டாலர் குறைந்தபட்ச ஊதியமாயிற்று. திரையில் யார் பெயர் வரவேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையும் சங்கத்திற்குக் கிடைத்தது.

மேரியின் நெஞ்சுரத்திற்குப் பெருஞ்சோதனை பின்னர் வந்தது. 1951இல் இவர் மீண்டும் தலைவராய்த் தெரிவு செய்யப்பட்டார். பொதுவுடைமைவாதிகளைத் தேடித் தண்டித்த காலம் அது. விசாரணைக் குழுவின் வினாக்களுக்கு விடைகூற மறுத்த பால் ஜாரிக்கோ என்னும் எழுத்தாளரின் பெயரைப் படமொன்றிலிருந்து நீக்கினார், பெருஞ்செல்வரான ஹோவர்ட் ஹியூஸ். மேரி பொதுவுடைமைவாதியல்லர். ஆயினும், எழுதியவன் யாராயினும் அவன் உழைப்பை மறைத்தல் ஒப்பந்தத்தை மீறுவதாகும் என்று கருதிச் சங்கத்தின் சார்பில் வழக்காடினார். நீதிமன்றமோ ஹியூஸ் பக்கமே தீர்ப்பளித்தது. அதன்பின் மேரிக்குப் பட வாய்ப்புகள் அருகின. முன்னாளில் தேடி வந்தவர்கள் ஒதுங்கினர். அவர் 1986இல் மறைந்தார்.

வழக்கில் தோற்றவரை நாம் ஏன் போற்ற வேண்டும்? தமக்கு வேண்டியவருக்காகப் பரிந்து பேசுதல் எவர்க்கும் எளிது. தம் கொள்கையினின்று மாறுபட்டவருக்கும் நீதி வேண்டும் என்று நின்று, அதற்குரிய விலையையும் கொடுப்பது அரிது. மேரி அவ்வரிய செயலைச் செய்தார்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை திரைப்படம் காணும்போது, எழுதியவர் பெயரையும் ஒருமுறை படியுங்கள். பிறர் உழைப்பை அவர் பெயராலேயே மதிக்கும் பண்பு நம்மிடம் வளர்வதாக!