கஞ்சிக்கும் ஒரு முறை



மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, இன்ஜினீயர் ஆயிற்றே, பாலம், மோட்டார் என்று எதையாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு சாமியாரைப் பற்றி. ஆனால் பார்ப்பது என்னவோ இன்ஜினீயர் கண்ணால்தான்!

பிரான்சின் தென்மேற்கே டாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், 1581-இல் ஒரு சிறு விவசாயி வீட்டில் பிறந்தவர் வின்சென்ட் தே பவுல். ஆடு மாடு மேய்த்த பையன். படித்தால் குடும்பம் தலையெடுக்கும் என்று அப்பா டவுனுக்கு அனுப்பினார். கால் ஊனமான அந்த அப்பா ஒருநாள் ஏழை உடையில் பள்ளிக்கு வந்து நின்றபோது, மகன் வெட்கப்பட்டு வெளியே வந்து பேசவே மறுத்துவிட்டார். வயதான காலத்திலும் இதைச் சொல்லி வருந்தியிருக்கிறார். ஹாஸ்டல் வாசலில் மஞ்சப்பையோடு அப்பா வந்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த இடத்தை நாம் சும்மா தாண்டிப் போக முடியாது, இல்லையா?

1600-இல், பத்தொன்பது வயதில் குருப்பட்டம். அதன்பின் பல வருடம் நல்ல வருமானமுள்ள பதவியைத் தேடித்தான் அலைந்தார். அவரை மாற்றிய சம்பவங்களில் முக்கியமானது 1617 ஆகஸ்டில், ஷாத்தியோன் என்ற சிற்றூரில் நடந்தது. ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோருமே நோயில் படுத்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஞாயிறு பூசையில் அவர் இதை எடுத்துச் சொன்னார். மதியம் பார்த்தால், அந்த வீட்டுப் பாதை பூராவும் சாப்பாட்டோடு பெண்கள் கூட்டம்!

யாராக இருந்தாலும் அத்தோடு சந்தோஷப்பட்டிருப்பார்கள். வின்சென்ட் யோசித்தார். இன்று வந்து குவிந்த சாப்பாடு நாளைக்குக் கெட்டுப்போகும். அடுத்த வாரம் அந்த வீடு மறுபடியும் பட்டினி. அன்புக்குக் குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், சப்ளை எல்லாம் ஒரே நேரத்தில் வந்துவிட்டது, சேமிக்க வழியில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணிகள் சீண்டுவாரில்லாமல் குவிந்து கிடந்ததே, அதே கதைதான்.

சில நாட்களிலேயே பெண்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். முறை வைத்துச் சமைக்க வேண்டும். ஒருவர் தலைமை, ஒருவர் பொருளாளர். சிரித்த முகத்தோடு எப்படிப் பரிமாறுவது என்பது வரை விதி எழுதினார். அதில் ஒரு விதி என்னை அசத்திவிட்டது. துணைக்கு ஆள் உள்ள நோயாளிகளை முதலில் பார்த்துவிட வேண்டும். யாருமே இல்லாதவரிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் உட்கார முடியும்! இதைவிட நல்ல டிசைனை நான் பார்த்ததில்லை.

பாரிசில் பெரிய வீட்டுச் சீமாட்டிகள் சேர்ந்தார்கள். பிற்பாடு சிலர் தாங்கள் போகாமல் வேலைக்காரிகளை அனுப்பத் தொடங்கினார்கள். எனவே, லூயிஸ் தெ மரியாக் என்ற விதவைப் பெண்மணியோடு சேர்ந்து, 1633-இல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு பிறரன்பின் புதல்வியர் சபையைத் தொடங்கினார். கன்னியர் என்றால் மடத்துச் சுவருக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் அது. இவர்களோ தெருவில் இறங்கினார்கள். இவர்களுக்கு வழிகாட்டியான மார்கரித் நாசோ, மாடு மேய்த்துக்கொண்டே எழுத்துக் கற்றவள். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்து, அதே நோயில் அந்த வருடமே இறந்துபோனாள்.

தெருவில் விடப்பட்ட குழந்தைகளையும் இவர்கள் எடுத்து வளர்த்தார்கள். 1647 வாக்கில் பணம் வறண்டு, சீமாட்டிகள் கைவிட நினைத்தபோது, இந்தக் குழந்தைகளின் உயிரும் சாவும் இப்போது உங்கள் தீர்ப்பில்தான் இருக்கிறது என்று நேருக்கு நேர் உணர்த்தினார். பணி நிற்கவில்லை.

1660-இல் வின்சென்ட் மறைந்தார். 1737-இல் புனிதர் பட்டம். 1833-இல் பாரிசில் அவர் பெயரால் ஒரு சபை தொடங்கியவர்களில் பெரும்பாலோர், ஓசனாம் உள்பட, கல்லூரி மாணவர்கள்! நம் ஊர்ப் பங்குகளிலும் ஏழை வீடுகளைச் சந்திக்கும் வின்சென்ட் தே பவுல் சபை அதுதான்.

தர்மம் என்றால் போடுவது. பிறரன்பு என்றால் போய்ப் பார்ப்பது. கிறிஸ்தவ வாழ்வில் இந்தச் சொல்லுக்கு உள்ள பொருளை எனக்கு விளங்க வைத்தது இவர் வாழ்க்கைதான். கொடுப்பவருக்கு மனம் குளிர்ந்தால் போதாது. வாங்குபவர் தலை நிமிர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, நம்மால் ஆனதை மாதாமாதம் கொடுப்போம். பீஸ் கட்டும் தேதிக்கு முன்பே அது போய்ச் சேரட்டும். வாங்கும் மாணவனை மேடையேற்றிப் போட்டோ எடுக்க வேண்டாம். கேட்க நாதியில்லாத பிள்ளை ஒருவன் இருந்தால், அவனோடு கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காருவோம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!