சாத்திர தானம் செய்த சான்றோர்: பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் விளங்குகின்றன. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த செய்தியும் அங்கே கல்வெட்டாய் நிற்கின்றது. கல் காலத்தை வென்றது. ஓலைக்கு அவ்வலிமை இல்லை. செல்லரிக்கும்முன் படியெடுப்பார் இல்லையெனில் நூலே மறையும். வளையாபதி அவ்வாறு மறைந்து, சில பாடல்களே எஞ்சின. ஏனைய சமண நூல்களுக்கு அந்நிலை நேராவண்ணம் உழைத்த பெருமக்களுள் ஒருவர் ராவ்பகதூர் அ. சக்கரவர்த்தி நயினார்.

1880ஆம் ஆண்டு தமிழ்ச் சமணக் குடும்பத்தில் தோன்றிய அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகவும், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் முதல்வராகவும் விளங்கினார். உயர்பதவியும் ஆங்கிலப் புலமையும் அவரை முன்னோர் நூல்களினின்று பிரிக்கவில்லை. அவற்றை உலகறியச் செய்யும் கருவிகளாயின.

குந்தகுந்தாசாரியர் பிராகிருதத்தில் அருளிய பஞ்சாஸ்திகாயம் உயிர், புற்கலம், தன்மம், அதன்மம், ஆகாயம் என்னும் ஐந்தையும் ஆராயும் நூல். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கவுரையுடன் 1920இல் வெளியிட்டார். அவ்வாசாரியரின் சமயசாரத்திற்கு அவர் செய்த ஆங்கிலப் பதிப்பு 1950இல் காசியில் வெளிவந்தது.

தமிழுக்கு அவர் ஆற்றிய பெருந்தொண்டு நீலகேசிப் பதிப்பாகும். சமயதிவாகர வாமன முனிவர் உரையுடன் அந்நூலை 1936இல் அச்சேற்றினார். முனிச்சந்திர முனிவரால் அறம் உணர்ந்த நீலி, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர் முதலியோரிடம் சென்று வாதிடுவதே அக்காப்பியம். அதில் வெல்வது படையன்று, காரணங்காட்டும் சொல்லே. மறுக்கப்பட்ட குண்டலகேசி என்னும் பௌத்த நூல் இன்று முழுமையாக இல்லை. அதன் பாடல் சில நீலகேசி உரையின் வழியே நமக்குக் கிடைத்துள்ளன. ஆதலின் அவ்வுரையை அச்சேற்றியமை மாற்றுச் சமயத்தார் குரலையும் காத்த செயலாயிற்று.

தமிழிற் சமணர் ஆக்கிய நூல்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1941இல் நூலாக்கினார். திருக்குறளைக் குந்தகுந்தாசாரியர் அருளியதெனக் கொண்டு வாதிட்டார். அக்கருத்தை ஏற்றாரும் மறுத்தாரும் உளர். ஆயினும் ஆராய்ச்சி மன்றத்தில் சமணர் தரப்பும் கேட்கப்படல் வேண்டும் என்னும் நிலையை அவர் எழுத்து உண்டாக்கிற்று.

1960இல் அவர் மறைந்தார். அவருடைய இலக்கிய வரலாறு 1974இல் திருத்திய பதிப்பாக மீண்டும் வெளிவந்து, இன்றும் ஆய்வாளர்க்கு வழிகாட்டுகின்றது.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு. உணவு ஒருநாட் பசி தீர்க்கும்; மருந்து ஒரு பிணி தீர்க்கும்; அச்சேறிய நூலோ பிறவாத தலைமுறைக்கும் சென்று சேரும். பேராசிரியர் தம் வாழ்நாளில் செய்தது அத்தானமே. நம் இல்லத்துப் பேழைகளில் உறங்கும் ஏடுகளைத் திறந்து நோக்குதலே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.